நின்றவூர்ப் பூசலாரும் கச்சிக் காடவர் கோனும்

திருச்சிற்றம்பலம்

சென்னையினின்று அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரை எய்துதற்கு முன்னரே திருநின்றவூர் என்னும் பதி உளது. மனத்தினாலேயே சிவபிரானுக்குத் திருக்கோயில் எடுத்த பூசலார் நாயனாரது ஊர் இஃதென்பதைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். அங்கு எழுந்தருளியுள்ள பெருமானை இருதயாலீசுவரர் என வழங்குவர். நெஞ்சு நோயால் வருந்துவோர் இக்காலத்தே அங்குச் சென்று வழிபட்டு வருகின்றனர். நாயனாரது நெஞ்சத்தை உலகம் இவ்வொரு வகையாலேனும் மறவாதிருத்தல் மகிழ்தற்குரியதே. ஆயினும், அவரைப் பெரியர் என்று நாம் நினைப்பது எதுபற்றி என்னும் வினாவுக்கு நம்மவர் கூறும் விடை பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை. அதனை ஆராய்தலே ஈண்டு எமது கருத்து.

மேடைகளிற் பலகாலும் கேட்கப்படும் விடை இது: கல்லால் எடுத்த கோயில் தாழ்ந்தது, மனத்தால் எடுத்த கோயில் உயர்ந்தது, ஆதலின் இறைவன் செருக்குற்ற அரசனைப் புறத்தே நிறுத்தி, ஏழை அந்தணன்பாற் சென்றான். கேட்போர்க்கு இவ்விளக்கம் மிகவும் இனிக்கும். யாமும் இளமையில் ஒரு சபையில் அங்ஙனமே பேசிக் கைதட்டுப் பெற்றதுண்டு. பேச்சு முடிந்தபின் முதியவர் ஒருவர் அருகே வந்து, "அங்ஙனமாயின், தம்பி, கச்சியிலுள்ள அந்தக் கற்றளியை என் செய்வது? இடித்துவிடலாமா?" என்று மெல்ல வினவினார். அன்று யாதும் விடை கூற இயலாது நின்றோம். வீடு சென்று புராணத்தை மீண்டும் எடுத்துப் படித்தபொழுதுதான், யாம் பேசியவற்றுட் பாதி சேக்கிழார் வாக்கில் இல்லை என்பது புலனாயிற்று.

பூசலார் புராணம் இருபது செய்யுட்கும் குறைந்தது. ஆளுடைய பிள்ளையார் புராணம் 1256 செய்யுட்களால் விரிந்து செல்ல, இஃது ஒரு மூச்சிற் படித்து முடிக்கத்தக்க அளவினதாய் நிற்கின்றது. அச்சிறு அளவினுள்ளும் ஆசிரியர் எதற்கு மிகுதியாக இடம் தந்துள்ளார் என்று நோக்குவார்க்கு வியப்பு உண்டாகும். கோயில் கட்டும் வேலைக்கே தந்துள்ளார். நாயனார் முதலில் பொருள் தேடினார், எங்கும் தேடினார், சிறிதும் கிடைத்திலது. கிடையாமையால் வருந்தி, என் செய்வேன் என்று நைந்தபின்னரே மனத்தை நாடினார். அம்மனத்தினுள்ளும் பொருள் ஒருங்கே வந்து குவிந்துவிடவில்லை. சிறிது சிறிதாகத் தேடிச் சேர்த்தார். பணிக்கு வேண்டும் பொருள்களை வருவித்தார், தச்சரைத் தேடினார், நன்னாள் பார்த்தார், ஆகம முறை பிழையாது அடிநிலை எடுத்தார், இரவும் கண் துயிலாது பணியை நடத்தினார். உபானம் முதலாகச் சிகரம் ஈறாக அளவு பிழையாது விமானம் உயர்ந்தது. தூபி நட்டாயிற்று, சுதைவேலை முடிந்தது. கிணறு, மதில், திருக்குளம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. இவை யாவும் நெடுநாட்பணி.

மனத்தினாற் கட்டுவார்க்குக் கிணறு எதற்கு? நினைத்த மாத்திரத்தே நீர் வாராதா? இரவில் உறக்கம் ஒழிப்பது எதன்பொருட்டு? தச்சரைத்தான் தேடவேண்டுமா? இவ்வினாக்களை எழுப்பிப் பார்த்தாலன்றிச் சேக்கிழாரது கருத்து விளங்காது. மனக்கோயில் எளியதென்று அவர் ஓரிடத்தும் கூறினாரல்லர். கற்கோயிலுக்கு எத்துணை முயற்சியோ அத்துணை முயற்சியும் அதற்கு உண்டென்று காட்டுகின்றார். உண்மையில் அதனினும் அரியது, என்னை? கற்பணியில் ஒருநாள் தச்சன் சோர்ந்தால் மேற்பார்ப்போன் எழுப்புவான். மனப்பணியிற் சோர்ந்தால் எழுப்புவார் யாவர்? பிறர் காணாத இடத்தில் ஒருவன் அளவு பிழையாது வேலை செய்கின்றானா என்பதே ஈண்டுச் சோதிக்கப்படுவது. நாயனார் அச்சோதனையில் ஓரங்குலமும் பிழைத்திலர்.

ஆகவே, பொருளுடையார் ஒருவர் பூசலாரை மேற்கோள் காட்டித் தமது பெட்டியைப் பூட்டிக்கொள்வாராயின், அவர் இப்புராணத்தின் முற்பகுதியைப் படித்திலர் என்பது தேற்றம். இதற்கு மறுதலையான கூட்டத்தாரும் உளர். திருக்கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக்கொடுத்து, அதன்மேல் தம் பெயரும் தந்தையார் பெயரும் ஊரும் தெருவும் எழுதுவித்து, ஒளி புறப்படாவண்ணம் செய்துவிடும் உபயகாரரையே குறிப்பிடுகின்றோம். அவர்க்குப் பூசலாரது மௌனம் ஒருசிறிதும் விளங்காது.

இனிக் காடவர் கோனை நோக்குவோம். கச்சியிற் கற்றளி எடுத்து, அதற்குப் பெருஞ்செல்வம் வகுத்து, இறைவனைத் தாபிக்க நாள் குறித்தவன் என்ற அளவே சேக்கிழார் கூறுவது. அவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தே அரசாண்ட இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் என்றும், அக்கற்றளி கச்சிக் கயிலாயநாதர் கோயிலே என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அக்கோயிலைச் சென்று கண்ட அன்பர் ஒன்றைக் கவனித்திருப்பர். சுற்றிலும் வரிசையாக அமைந்த சிறு கோட்டங்களின்மீது எழுத்துக்கள் நிறைந்துள்ளன. அவை அரசனுடைய விருதுப் பெயர்கள், இருநூற்றுக்கு மேற்பட்டவை. சிவசூடாமணி, சங்கரபத்தன், ஆகமப்பிரியன் என்பன போன்றவை அவன் தரித்த பெயர்கள். கோயிலுக்கும் தன் பெயரே அமைய இராசசிம்மேச்சரம் என்று பெயரிட்டான். இவ்வளவு பெயர்களையும் கல்லில் எழுதிவைத்தவனுக்குப் பெரியபுராணத்தில் ஒரு பெயரும் இல்லை! காடவர் கோன் என்னும் குலப்பெயரே உண்டு. அந்தணருக்கோ ஊரும் பேரும் இரண்டும் உண்டு.

இதனைக் கொண்டு அரசனைச் சேக்கிழார் இகழ்ந்தார் என்று முடிவு கட்டுவது தவறு. அவ்வரசன் சாமானியனல்லன். சைவ சித்தாந்த நெறியில் ஒழுகி மலம் நீங்கினான் என்று அவனது வடமொழிக் கல்வெட்டே கூறுகின்றது. நமது நெறியின் பெயர் கல்லில் ஏறிய மிகப் பழைய இடங்களுள் அஃது ஒன்றாதலின், சித்தாந்திகளாகிய நாம் அவனுக்குக் கடப்பாடுடையோம். அக்கல்வெட்டிலேயே மற்றொரு செய்தியும் உளது. பண்டை யுகத்தில் துஷ்யந்தன் முதலிய வேந்தர் அசரீரி கேட்டனர் என்பது வியப்பன்று. கலியுகத்தில் இவன் அதனைக் கேட்டான் என்பதே வியப்பு என்னும் கருத்து அதன்கண் அமைந்துள்ளது. இதற்கும் புராணத்துக் கனவுக்கும் தொடர்புண்டென்று கொள்வார் உளர். அதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது விடினும், இரண்டையும் அருகருகே வைத்து நோக்குதலில் ஒரு பயன் உண்டு. வானொலி கேட்டான் என்பதனை அரசனது புகழாகக் கல் பேசுகின்றது. அவ்வொலி யாது கூறிற்று என்பதைக் கல் பேசவில்லை. சேக்கிழார் அதனைப் பேசுகின்றார். நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை யாம் புகுவோம். நீ செய்யக் கருதியதை நாளைக்குச் செய்யாது பின்னர் ஒரு நாளிற் கொள்க என்பதே திருவாக்கு. "உன் கோயில் வேண்டா" என்பது அதன்கண் இல்லை. "பின்னர்" என்பதே உளது. அரசனுடைய கோயிலும் ஏற்கப்பட்டதே. அவனுடைய நாள்தான் தள்ளிவைக்கப்பட்டது.

பேரரசன் ஒருவன் குறித்த நாளைத் தள்ளிவைத்தல் எளிதன்று. அழைப்பு எங்கும் சென்றிருக்கும், சோதிடர் கணித்திருப்பர், வேதியரும் சிற்றரசரும் வந்து நிறைந்திருப்பர். அத்தகைய பொழுதில், தான் கேட்டறியாத ஓர் ஊரில், கேட்டறியாத ஒருவன் தனக்கு முற்பட்டவன் என்னும் செய்தி வருகின்றது. ஆட்சியிலிருப்பார் இயல்பை அறிந்தவர்க்கு, அவ்விடத்தில் எழக்கூடிய எண்ணங்கள் எத்துணை என்பது தெரியும். 'யார் அவன்?' என்னும் சினம் எழலாம். இக்கனவு பொய்யென்னும் ஐயம் எழலாம். அவனைப் பிடித்து வருக என்னும் ஆணை பிறக்கலாம். காடவர் கோனுக்கு எழுந்த எண்ணம் ஒன்றே: அத்திருப்பணி செய்தாரை யான் கண்டு வணங்கவேண்டும் என்பது. ஊரைக் காணுமுன்னரே, கோயிலைக் காணுமுன்னரே வணங்கத் துணிந்துவிட்டான். அவனைப் பெரியவனாக்கியது இத்துணிபே என்பது எமது கருத்து.

நின்றவூரில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் நாடகம் போல நடத்திச் செல்வார். பூசலார் அமைத்த கோயில் எங்குளது என்று அரசன் வினவ, அவ்வூரார் அங்ஙனம் ஒரு கோயில் இங்கில்லை என்கின்றனர். அந்தணர் அனைவரும் வரவழைக்கப்படுகின்றனர். பூசலார் யார் என்கின்றான். குற்றமற்ற மறையவர், இவ்வூரினர் என்கின்றனர். அதற்குமேல் அவரைப்பற்றி அவர்க்கு யாதும் தெரியாது. ஒரே ஊரில், அடுத்த வீட்டில், ஒருவர் நெடுநாள் இராப்பகலாகக் கோயில் எடுத்துக்கொண்டிருந்தார். அயலார்க்கு அவர் குற்றமற்றவர் என்ற அளவே தெரிந்திருந்தது. பெருமை தன்னோடு வாழ்வார் கண்ணிற்குப் பெரும்பாலும் படுவதில்லை. இன்று நம் தெருக்களிலும் இதுவே நிலை என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இதன்பின் வரும் ஒரு சிறு செய்தியைப் பலர் கவனியாது கடந்துவிடுகின்றனர். பூசலாரை அழைத்துவர அந்தணர் புறப்பட, அரசன் அதற்கு ஒருப்படவில்லை. வேலேந்திய வேந்தன் தானே நடந்து அவர் இருக்குமிடத்திற்குச் சென்றான். புராணம் முழுமையையும் தாங்கி நிற்கும் தூண் இச்செயலே. அழைப்பித்திருந்தால் அது விசாரணை. சென்றமையால் அது வழிபாடு ஆயிற்று. அவனைக் கண்டு மருண்ட பூசலார் கூறிய மொழியும் அதற்கேற்ப அமைந்தது: தம்மையும் ஒரு பொருளாக எண்ணி எம்பெருமான் அருளினாரோ என வியந்து, பொருளின்மையால் மனத்தால் முயன்றமையைச் சொன்னார். யான் செய்தேன் என்னும் முனைப்பு அவர்பால் இல்லை. என்பால் வருக என்னும் ஆணை அரசன்பால் இல்லை. இருவரும் தத்தம் பெருமையை அறியாதிருந்த அக்கணத்திலேதான் இருவர் பெருமையும் உலகறிய வெளிப்பட்டது.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே சிவனெனக் கண்டு தொழுக என்கின்றது. ஒன்றை விடுத்து ஒன்றைக் கொள்க என்று கூறவில்லை. கச்சியில் ஆலயம் எடுத்தும், நின்றவூரில் அடியார் திருமுன் நிலமுற வீழ்ந்தும் அவ்விரண்டையும் நிறைவேற்றியவன் காடவர் கோன். கல்லா மனமா என்று வழக்காடுவோர், ஆசிரியர் கட்டி வைத்ததைப் பிரித்தெடுத்து ஒரு பாதியைத் தெருவில் எறிகின்றனர். எம்மை வினவிய முதியவர்க்கு அன்றே இதனைக் கூறியிருத்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். அங்ஙனம் பெரியவனாயின், அவ்வரசன் அறுபத்துமூவருள் ஒருவனாக ஏன் எண்ணப்படவில்லை? பல்லவ மரபினர் ஆதலின் விலக்கப்பட்டான் எனல் பொருந்தாது. ஐயடிகள் காடவர்கோனும் கழற்சிங்கரும் அம்மரபினரே, இருவரும் நாயன்மார். இதற்கு விடை திருத்தொண்டத்தொகையின் வைப்புமுறையில் ஓரளவு கிடைக்கும். தொகையின் பத்தாம் பாட்டில் நம்பியாரூரர் தனிப்பெயர் கூறாது கூட்டமாகவே அடியாரை வணங்குகின்றார். அப்பாட்டின் இறுதியில் நிற்போர் அப்பாலும் அடிச்சார்ந்தார். தமிழ்நாட்டிற்கு அப்பாலும், தம் காலத்திற்கு முன்னும் பின்னும் இருந்த, இருக்கப்போகும் அடியாரெல்லாரும் அதனுள் அடங்குவர் என்பது ஆன்றோர் உரை. அதனை அடுத்துப் பதினோராம் பாட்டின் முதற்பெயர் பூசலார். பெயர் அறியப்படாதாரை எல்லாம் வணங்கிய மூச்சோடு, அயலாரும் அறியாதிருந்த ஒருவரைப் பெயர் கூறி அழைக்கின்றார் நம்பிகள். இவ்வைப்பு தற்செயலாக நேர்ந்ததென்று எம்மால் நம்ப முடியவில்லை. காடவர் கோனோ, நாயன்மார் வரிசையில் தனியிடம் பெறாமல், பூசலார் வரலாற்றினுள்ளேயே நிற்கின்றான். ஒரு பெரியவரை அடையாளம் கண்டு பணிந்தவன் என்ற அளவில் அவர் அருகே நிற்பது அவனுக்குப் போதும் போலும். நாயன்மாருள் எண்ணப்படாமை குறையே என்பாரோடு யாம் வழக்காட விரும்பவில்லை.

இவ்வட்டாரத்திலேயே, திருவள்ளூருக்கு மேற்கே உள்ள திருவாலங்காடு இக்கருத்திற்கு மற்றொரு சான்று. அங்கே 1905 ஆம் ஆண்டு 31 ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி ஒன்று வெளிப்பட்டது. கங்கையும் கடாரமும் கொண்ட இராசேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுப் பெருமானுக்கு அளித்த சாசனம் அது. சோழர் குலமுறையும் வெற்றிகளும் அதனால் நன்கு விளங்குகின்றன. வரலாற்று நூலார்க்கு அது பெருநிதி. எனினும் அவ்வேடுகள் மண்ணினின்று மீளும் வரையில், அவ்வூரை நாடிச் சென்ற அன்பர் இராசேந்திரனை நினைந்து சென்றாரல்லர். காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்து சென்ற காரைக்காலம்மையாரை நினைந்தே சென்றனர். புனிதவதி என்னும் பெயர் படைத்த அம்மையார் தம் பாட்டில் தம்மைப் பேய் என்றே குறித்துக்கொண்டார். விருதுப்பெயர் இருநூறு எழுதிய வேந்தனையும், பேய் என்னும் ஒரு பெயரே போதுமென்ற அம்மையாரையும் ஒருசேர நினைப்பார்க்கு எம் சொல் வேண்டா. பழையனூர் என்றவுடன் நம் நாட்டார்க்கு நினைவு வருவதும் செப்பேடு அன்று. வாக்குத் தவறாமைக்காகத் தீப்பாய்ந்த வேளாளர் எழுபதின்மரே. அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. தொழிற்சாலைகள் பெருகிய கும்மிடிப்பூண்டிப் பக்கத்தும் இற்றைநாள் எத்தனையோ அடிக்கல் நாட்டப்பெற்றுப் பெயர் பொறிக்கப்பெறுகின்றன. அவற்றைப் படிப்பார் எத்துணைபேர் என்பதை அவ்வழிச் செல்வோரே கூறலாம்.

எழுத்து வீண் என்பது எமது கொள்கையன்று. கயிலாயநாதர் கோயிலின் தூண் ஒன்றிலேயே, பகைவன் பொறித்த கன்னட எழுத்தும் உளது. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் எட்டாம் நூற்றாண்டில் கச்சியை வென்று புகுந்தபொழுது, இராசசிம்மேச்சரத்துச் செல்வத்தைக் கண்டும் அதனைக் கவராது பெருமானுக்கே மீள அளித்தான் என்பது அதன் செய்தி. வென்ற ஊரில் அவனுக்கு நிலைத்த நற்பெயர் அவன் எடுத்துச் செல்லாததனால் வந்தது. இவ்வெழுத்தை நாம் மகிழ்ந்தே படிக்கின்றோம்.

சேக்கிழார் இவற்றையெல்லாம் புறத்தே நின்று எழுதிய புலவரல்லர். தொண்டைநாட்டுக் குன்றத்தூரில் தோன்றி, அநபாயன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராயிருந்தவர். தம் ஊரில் திருநாகேச்சரம் எடுப்பித்தவர். கல்லும் சுதையும் கூலியும் நாட்குறிப்பும் அவர் கையாண்டவை. அரண்மனையில் மெய்க்கீர்த்தி எழுதப்படும் முறையும் அவர் அறியாததன்று. ஆதலின், பூசலார் புராணத்தில் வேந்தனுக்கு விருது ஒன்றும் கூறாமல், அழைப்பிக்க ஒருப்படாமையை மட்டும் கூறியது, அமைச்சர் ஒருவர் வேண்டுமென்றே செய்த செயல் எனக் கருதுகின்றோம். பின்னர்த் தில்லையில் நூல் அரங்கேறியபொழுது, திருமுறையையும் சேக்கிழாரையும் யானைமேல் ஏற்றி அநபாயன் தானே சாமரை வீசினான் என்று உமாபதி சிவம் பாடுகின்றார். நூலிற் படித்ததை அரசன் நன்கு உணர்ந்தே படித்தான் என்பதற்கு அஃது அடையாளம்.

புராணத்தின் முடிவு மிகச் சுருங்கியது. அரசன் முரசொலிக்கும் சேனையோடு தன் பழைய நகருக்கு மீண்டான். பூசலார் குறித்த நல்வேளையில் தம் மனக்கோயிலில் இறைவனைத் தாபித்து, பலநாள் பூசனை புரிந்து, திருவடி அடைந்தார். அரசனது கற்றளியிற் குடமுழுக்கு எந்நாளில் நிகழ்ந்தது என்பதைச் சேக்கிழார் சொல்லவேயில்லை.